ருக்மிணி மாமியின் பச்சைச் சீட்டு

லட்சுமணன் ருக்மிணி மாமியை முதன்முதலில் சந்தித்தது அல்வாலில், வாடகைக்கு அறை கேட்டுப் போன ஒரு சனிக்கிழமை காலையில். பெயர் என்ன, ஊர் எது, என்ன வேலை என்று மாமி எதையும் கேட்கவில்லை. கேட்டைத் திறக்காமலேயே அவன் தலையைப் பார்த்தார்.

"பட்டை போடலையே?"

அவன் முழித்தான்.

"ஹெல்மெட் பட்டையைச் சொல்றேன். தொங்கறது பாருங்கோ."

"இப்பத்தான் மேடம், தெரு முனையில வச்சு அவுத்துவிட்டேன்."

"பொய். பக்கிள்ல தூசி படிஞ்சிருக்கு. அதைப் பூட்டி ஒரு மாசமாவது ஆயிருக்கும்."

சொல்லிக்கொண்டே கேட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, அவன் பின்னந்தலையில் ஒரே ஒரு விரலை வைத்து முன்னால் தள்ளினார். ஹெல்மெட் அவன் மூக்கைச் சிராய்த்துக்கொண்டு கழன்று, உருண்டு, சாக்கடை ஓரத்தில் போய் நின்றது.

"பார்த்தேளா? இது உங்க தலைக்காக வாங்கினது இல்லை. போலீஸ்காரன் கண்ணுக்காக வாங்கினது."

லட்சுமணனுக்குச் சுர்ரென்று ஏறியது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இருக்கும் அவன் ஊரில் முதல் பி.இ. அவன்தான். அவன் அப்பா அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஊரில் டீக்கடைக்காரர்கூட 'இன்ஜினியர் தம்பி' என்றுதான் கூப்பிடுவார். இங்கே யாரோ ஒரு மாமி அவன் தலையை ஒற்றை விரலால் தள்ளுகிறார்.

"நான் இன்ஜினியர் மேடம். பாலாநகர்ல, குவாலிட்டியில இருக்கேன்."

"நான் அதே பாலாநகர்ல முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேன். குவாலிட்டில இருக்கறவரே பக்கிளைப் பூட்டலைன்னா உங்க கம்பெனி சாமானை எவன் நம்பி வாங்குவான்? போங்கோ, அதை எடுத்துத் தொடைச்சுண்டு வாங்கோ. ரூம் மாடியில."

அறை கிடைத்தது. அதோடு அவர் வாயும் சேர்ந்து கிடைத்தது.

மாமியின் கதையை அவன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டான். பாலாநகரில் விமானங்களுக்கான மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவர் கை பட்டுத்தான் ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு. சந்தேகம் என்றால் மஞ்சள். ஆகாது என்றால் சிவப்பு. சீட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும், பார்த்தவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர். ஒற்றைக் கையெழுத்தோடு வந்த சீட்டை மேலதிகாரியிடமே திருப்பி விட்டெறிந்தவர் என்று அங்கே இன்றைக்கும் பெயர் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவருக்கு வீட்டில் பரிசோதிக்க ஒன்றும் இல்லாமல் போனது. குக்கர் விசிலையும் கேஸ் குழாயையும் எத்தனை தடவைதான் பார்ப்பது? கணவர் விஸ்வநாதன் ராணுவ ஆய்வகம் ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவார். பேசி முடிப்பதற்குள் மாமி அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

அவர்களுடைய ஒரே பெண் ஹம்ஸினி. பி.காம். இரண்டாம் ஆண்டு. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு குதிரைமேல் ஏறியவள் அன்றிலிருந்து மனதளவில் இறங்கவே இல்லை. அல்வாலுக்கு வடக்கே, ஊர் முடியும் இடத்தில், சாய்கிருஷ்ணா என்பவர் பதினொரு குதிரைகளோடு ஒரு சவாரிப் பள்ளி நடத்துகிறார். பெண்ணைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே போன மாமி, அங்கே முதல் நாளே ஒரு சாக்கு மூட்டையைப் பார்த்தார். உள்ளே ஹெல்மெட்டுகள். வெங்காயம் மாதிரி கொட்டிக் கிடந்தன. ஒன்றுக்குப் பட்டை இல்லை. ஒன்றுக்கு உள்ளே எலி குடித்தனம் செய்த அடையாளம். இன்னொன்று கிரிக்கெட் ஹெல்மெட்.

"இதைப் போட்டுண்டா குழந்தைகள் ஏறறது?"

சாய்கிருஷ்ணா சிரித்தார். நல்ல மனிதர்தான், குதிரைகளை உயிராக நேசிப்பவர், ஆனால் குதிரையைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் படாது. "ஹெல்மெட் உந்தி கதா, மேடம்!" என்றார் தெலுங்கில். ஹெல்மெட்தான் இருக்கிறதே என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தை அடுத்த ஆறு வருஷத்தில் மாமி ஆயிரம் பேர் வாயிலிருந்து, நாலு பாஷையில் கேட்டிருப்பார்.

மறுவாரமே சாக்கு மூட்டை மாமியின் கைக்கு வந்துவிட்டது. சம்பளம் கிடையாது. யாரும் நியமிக்கவும் இல்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் அளவு நாடா, மடியில் மூன்று நிறச் சீட்டுக் கட்டு. தையற்காரர் மாதிரி ஒவ்வொரு தலையையும் சுற்றி அளப்பார். ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு விரல். தலையை இடமும் வலமும் ஆட்டச் சொல்வார். ஹெல்மெட் தனியாக ஆடினால் ஆள் வெளியே.

அவரிடம் வராத வாதங்களே இல்லை.

"ஆன்ட்டி, கொண்டை கலைஞ்சிடும்."

"கொண்டை மேல வச்சா கொண்டைதான் உக்காரும். ஹெல்மெட் எங்க உக்காரும்? அவுத்துக் கீழே பின்னலாப் போட்டுண்டு வா."

"போட்டோவுக்கு ரெண்டே நிமிஷம் கழட்டட்டுமா மேடம்?"

"அந்த ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கணும்னு குதிரைகிட்ட யார் சொல்றது? நீங்க சொல்றேளா?"

சனத்நகர் பட்டறை முதலாளி ஒருவர், மகனுக்கு விலை உயர்ந்த பைக் ஹெல்மெட்டோடு வந்தார். முகத்தை முழுதாக மூடுவது. இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும் என்று அவருக்கு ஒரே கோபம். மாமி அதை வாங்கிப் பையன் தலையில் மாட்டி, பின்னால் நின்று கை தட்டினார். பையனுக்குக் கேட்கவில்லை. கீழே பார்க்கச் சொன்னார். அவனுக்குத் தன் கால்கூடத் தெரியவில்லை. "குதிரை மூச்சு விடறது கேக்கணும். பக்கத்துல நாய் வரது தெரியணும். இந்தக் கனத்தைத் தூக்கிண்டு விழுந்தா கழுத்து என்னாறது? இது ரோட்டுக்கு நல்ல சாமான். ரோட்டுலயே வச்சுக்கோங்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியைப் பைக்கில் கொண்டுபோய் விடும் வேலை லட்சுமணனுக்கு வந்து சேர்ந்தது. பின்னால் உட்கார்ந்து அவர் போடும் சத்தம் அல்வால் முழுக்கக் கேட்கும். அவனுக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சீட்டுகளைப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு மரியாதை. அவன் கல்லூரியில் படித்ததை இவர் முப்பது வருஷமாகக் கையால் செய்திருக்கிறார்.

மாமிக்கு அந்தச் சவாரி உலகத்தில் ஒரே ஒரு விதிமேல் மட்டும் தீராத எரிச்சல். ஹம்ஸினியின் பிறந்தநாளுக்கு அவள் அத்தை வெளிநாட்டிலிருந்து ஒரு ஹெல்மெட் அனுப்பியிருந்தாள். கருநீல நிறம், அவள் தலைக்கென்றே வார்த்த மாதிரி. அதோடு வந்த சிறு புத்தகத்தில் போட்டிருந்தது: ஒருமுறை அடிபட்டுவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், இதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

"பார்க்காமலே ரிஜெக்டா?" மாமி புத்தகத்தை லட்சுமணன் முகத்துக்கு நேரே ஆட்டினார். "குறை என்னன்னு கண்டுபிடிக்காம ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் சிவப்புச் சீட்டுல போட்டது கிடையாது. இவா வியாபாரத்துக்கு எழுதறா. அடுத்ததை விக்கணுமே!"

"அதான் மாமி," என்றான் அவனும். எந்த அளவுகோலும் இல்லாத விதி ஒரு விதியா? பி.இ. படித்தவனுக்கும் அது அடுக்கவில்லை.

சங்கராந்தி விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. ஹைதராபாத் முழுக்கப் பட்டம் பறந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிறு, பெங்களூர்ப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. ஹம்ஸினி ஆறு வருஷமாகக் காத்திருந்த நாள். கடைசிப் பயிற்சிக்காகப் பாதுஷா என்ற பழுப்புக் குதிரையில் ஏறியிருந்தாள். மைதானத்து வேலியில் எங்கிருந்தோ அறுந்து வந்த ஒரு பட்டம் சிக்கிக்கொண்டு படபடவென்று அடித்தது. அவ்வளவுதான். பாதுஷா பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது. ஹம்ஸினி பின்னால் போய், வேலிக் கம்பத்தில் பின்னந்தலை இடிக்க, மண்ணில் விழுந்தாள்.

மாமி நாற்காலியிலிருந்து எழுந்து ஓடுவதற்குள் அவளே எழுந்துவிட்டாள். உடம்பு மண்ணைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "ஒண்ணும் இல்லம்மா. கைக்கு இவ்ளோ டென்ஷன்? ஹெல்மெட் இருக்கில்ல?" ஹைதராபாத்தில் வளர்ந்தவளுக்கு 'எதுக்கு' என்பது 'கைக்கு', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'.

எல்லோரும் ஹெல்மெட்டைப் புகழ்ந்தார்கள். சாய்கிருஷ்ணா அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்து, "மேடம் ஒருத்தர் இருக்கறதாலதான் இன்னைக்கு இந்தப் பொண்ணு இருக்கு" என்று தமிழிலேயே சொன்னார். அது உண்மைதான். அந்த அடி வெறும் தலையில் விழுந்திருந்தால் மண்டை பிளந்திருக்கும். மாமியின் முகத்தில் அன்றைக்கு ஒரு பூரிப்பு. ஆறு வருஷத்துக் கத்தலுக்குப் பலன் கண்ணெதிரே நின்று சிரிக்கிறது. ஹெல்மெட்டின் பின்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த ஹெல்மெட்? புத்தகம் தூக்கி எறியச் சொல்கிறது. அதற்குள் இந்த அளவில் வேறு கிடைக்காது. சவாரிப் பள்ளி ஹெல்மெட்டுகள் எதுவும் அவளுக்குச் சரியாக உட்காராது.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே, ருக்கு," என்றார் விஸ்வநாதன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "தலைவலிங்கறாளே குழந்தை."

"நீங்க சும்மா இருங்கோ. ஹெல்மெட்டே நன்னா இருக்கு. அதுக்குள்ள இருந்த தலைக்கு என்ன ஆயிடும்? வெயில்ல விழுந்திருக்கா, வலிக்காதா?" என்றவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "லட்சுமணா! இங்க வா. டெஸ்ட் பண்ணிடலாம்."

அது உலோகப் பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்கும் சோதனை. தொழிற்சாலையில் அவர் வாழ்நாளெல்லாம் செய்தது. துடைக்க ஒரு டப்பா, சிவப்புச் சாயத்துக்கு ஒரு டப்பா, வெள்ளைத் தூளுக்கு ஒரு டப்பா. மூன்றும் பாலாநகர்க் கடையில் கிடைக்கும். லட்சுமணன்தான் வாங்கி வந்தான். கூடத்து மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, நடுவில் ஹெல்மெட்டை வைத்தார்கள். டேபிள் லாம்ப்பைக் கிட்டே இழுத்தார்கள். மாமி மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். துடைத்தார். சிவப்புச் சாயத்தை அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் காத்திருந்தார். மறுபடி சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தார். கருநீல ஹெல்மெட் விபூதி பூசிய மாதிரி நின்றது. கீறல் இருந்தால் அந்த வெள்ளையில் சிவப்பாக ஒரு கோடு கசிந்து எழும்.

இருவரும் ஹெல்மெட்டின் மேல் குனிந்திருந்தார்கள்.

இதற்கிடையே ஹம்ஸினியின் அறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, அந்த லைட்டைக் கொஞ்சம் அணையேன். கண்ணு கூசுது."

"கதவைச் சாத்திக்கோ. வேலையா இருக்கோம்."

சற்று நேரம் கழித்து மறுபடியும். "அம்மா, சண்டே எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு."

கால் மணி நேரம் போயிருக்கும். "அம்மா, சண்டே எத்தனை மணிக்கு?"

"எத்தனை தடவைடி கேப்பே? ஏழு மணி! ஏழு!" மாமி லாம்ப்பை இன்னும் கிட்டே இழுத்தார். "காலேஜ் போறதுகளுக்கு ஒரு விஷயத்தை ஒழுங்காக் காதுல வாங்கத் தெரியறதா, சொல்லு? எல்லாம் போன் பண்ற வேலை."

லட்சுமணனும் சிரித்தான். ஒரே கேள்வியை அவள் இரண்டு தடவை கேட்டது அவன் காதிலும் விழுந்தது. அவன் கண் ஹெல்மெட்டில் இருந்தது.

கோடு எதுவும் எழவில்லை. வெள்ளை வெள்ளையாகவே நின்றது. மாமி பச்சைச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதினார்: கீறல் இல்லை, உபயோகத்துக்குத் தகுதி. பார்த்தவர் என்ற இடத்தில் ருக்மிணி விஸ்வநாதன். பேனாவை அவனிடம் நீட்டினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில், அவன் எப்போதும் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக, லட்சுமணன், பி.இ. என்று போட்டான். பாலாநகர் மாமியின் சீட்டில் இரண்டாவது கையெழுத்து! அன்றிரவு ஊருக்குப் போன் செய்தபோது அப்பாவிடம்கூடச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹம்ஸினியின் ஹெல்மெட்டில் பச்சைச் சீட்டு நூலால் கட்டித் தொங்கியது. மாமியே அவிழ்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மகளுக்குப் பட்டை பூட்டினார். புருவத்துக்கு மேல் இரண்டு விரல். தாடையில் ஒரு விரல். தலையை ஆட்டச் சொன்னார்.

"நக்கோம்மா, ஆட்டினா ஒரு மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

"ஒண்ணும் இல்ல. நர்வஸ். விடேன்."

பாதுஷா அன்றைக்கு ஆட்டுக்குட்டி மாதிரி நடந்தது. பட்டம் கிடையாது, சத்தம் கிடையாது. மைதானத்தில் எட்டு மாதிரி வளைந்து வர வேண்டும். ஹம்ஸினிக்குத் தூக்கத்திலும் தெரிந்த வழி. முதல் வளைவு சரியாக வந்தது. இரண்டாவதில் இடப்பக்கம் திரும்ப வேண்டியவள் வலப்பக்கம் திரும்பினாள். நின்றாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள் மாதிரி வேலியைச் சுற்றிப் பார்த்தாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இடப்பக்கம்டி! இடப்பக்கம்!" மாமி வேலிக்கு வெளியிலிருந்து கத்தினார். "என்ன பண்றா இவ? ஆறு வருஷமாப் போன பாதை!"

அவள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் பிடரி மேலேயே வாந்தி எடுத்தாள். பிறகு துணி நழுவுகிற மாதிரி மெல்லச் சரிந்து, ஓடிவந்த சாய்கிருஷ்ணாவின் கைகளில் விழுந்தாள். தரையில் தலை படவே இல்லை. ஹெல்மெட் இம்மியும் நகரவில்லை. பட்டை பூட்டினபடி இருந்தது. லட்சுமணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவர்கள் பரிசோதித்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

செகந்திராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பூர்ணா என்று ஓர் இளம் டாக்டர். ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, ரத்தக்கசிவு இல்லை. டாக்டர் வெளியே வந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"தலையில அடிபட்டது இன்னைக்கா?"

"இல்லை டாக்டர். வியாழக்கிழமை," என்றார் மாமி.

"வியாழக்கிழமையே பரிசோதனை பண்ணினீங்களா?"

"பண்ணினோம்! முறைப்படி பண்ணினோம்!" மாமி அவசர அவசரமாகப் பையைத் திறந்து பச்சைச் சீட்டை எடுத்து நீட்டினார். "ரெண்டு கையெழுத்து இருக்கு பாருங்கோ."

டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் படித்தார்.

"அம்மா, இது ஹெல்மெட்டோட ரிப்போர்ட். பொண்ணை யார் பார்த்தது?"

மாமி டாக்டர் கையிலிருந்த சீட்டையே பார்த்தார். முப்பது வருஷத்தில் ஒருத்தரும் அவரிடம் கேட்டிராத கேள்வி. கேட்டது லட்சுமணனையும் சேர்த்துத்தான். சீட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. கொட்டை எழுத்தில் இருந்தது.

டாக்டருக்குக் கோபம். அதை அவர் மறைக்கவும் இல்லை. "மண்டை உடையாம ஹெல்மெட் காப்பாத்தியிருக்கு. அதைப் போட வச்சதுக்கு உங்களுக்கு நன்றி. ஆனா மண்டைக்குள்ள மூளை தனியா இருக்கு. வெளியில அடி நின்னாலும் அது உள்ளே போய்ச் சுவத்துல மோதும். ஹெல்மெட்டால அதைக் குறைக்க முடியும், நிறுத்த முடியாது. வெளிச்சம் கூசுதுன்னாளா? சொன்னதையே திரும்பக் கேட்டாளா?"

"கேட்டா," என்றார் விஸ்வநாதன். மாமி அவர் பக்கம் திரும்பவில்லை.

"அதுதான் அறிகுறி. இந்த நிலைமையில மறுபடி குதிரை மேல ஏத்தி இருக்கீங்க. இன்னைக்கு இன்னொரு அடி பட்டிருந்தா..." டாக்டர் சீட்டை மாமியின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள் ஹம்ஸினியை வீட்டுக்கு அனுப்பினார்கள். போன் கூடாது, படிப்பு கூடாது, வெளிச்சம் கூடாது. சவாரியை, டாக்டர் சரி என்று சொல்லும்வரை, நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அன்று சாயங்காலம் மாமி லட்சுமணனைக் கீழே கூப்பிட்டார்.

"ஹேக்ஸா பிளேடு இருக்கா?"

"எதுக்கு மாமி?"

"இருக்கா, இல்லையா?"

கொண்டுவந்தான். மாமி கருநீல ஹெல்மெட்டை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் நடுவில் அறுத்தான். மேல் ஓட்டில் அப்போதும் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்த வெள்ளைத் தெர்மோகோல் மாதிரியான பஞ்சு, முன்பக்கம் கட்டைவிரல் தடிமன் இருந்தது. பின்பக்கம், கம்பத்தில் இடித்த இடத்தில், அமுங்கிப்போய் இருந்தது. மாமி வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்து அளந்தார். முன்னால் இருபத்திரண்டு மில்லிமீட்டர். பின்னால் பதினாலு.

"எட்டு மில்லிமீட்டர் செத்துப்போச்சு," என்றார். "அதை வெளியில சாயம் பூசித் தேடிண்டிருந்தோம், ரெண்டு மேதாவிகளும்."

லட்சுமணன் அந்தச் சிறு புத்தகத்தைப் புரட்டினான். தூக்கி எறியச் சொன்ன வரிக்கு அடுத்த வரியையே அவர்கள் படிக்கவில்லை. ரசாயனம், பெயின்ட், சாயம் எதுவும் ஹெல்மெட்டில் படக்கூடாது, ஓடு பலவீனமாகிவிடும் என்று போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டினான்.

"படி, படி. நன்னாச் சத்தமாப் படி," என்றார் மாமி. "மெனக்கெட்டுக் கெடுத்தும் வச்சிருக்கோம்."

அவன் மேஜையில் கிடந்த பச்சைச் சீட்டை எடுத்து இரண்டாக மடித்தான். கிழிக்கப்போனான்.

"கிழிக்காதே!" மாமி அவன் கையைத் தட்டினார். "தப்பான பேப்பரையும் ஃபைல்ல வைக்கணும். உங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க மாமி. எனக்குத்தான் பார்க்கவே கேவலமா இருக்கு."

"இருக்கட்டும். எனக்கு இல்லையா?" சீட்டை வாங்கி நீவிவிட்டு, அதன் அடியில் எழுதினார்: தவறான சாமானைப் பரிசோதித்தோம். கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை நீட்டினார். அவன் இந்தத் தடவை பெயரை மட்டும் போட்டான். மாமி அதைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பி அவன் கையிலேயே வைத்தார்.

"பி.இ.யையும் போடு. முன்னாடி போட்டேயில்ல? தப்புக்கும் சேர்த்துப் போடு."

போட்டான்.

பிப்ரவரி கடைசியில் மாமி மறுபடி சவாரிப் பள்ளிக்குப் போனார். சீட்டுக் கட்டின் அமைப்பு மாறியிருந்தது. முதல் வரியில் இப்போது ஹெல்மெட் இல்லை, ஆள். விழுந்து எழுந்தவர்களிடம் பெயர், கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். கொஞ்ச நேரம் போகவிட்டு மறுபடி அதையே கேட்பார். பதில் எப்படி இருந்தாலும், தலையில் அடிபட்டவர்கள் அன்றைக்கு மறுபடி ஏறக்கூடாது, டாக்டர் சீட்டு இல்லாமல் திரும்பி வரவும் கூடாது. விழுந்தபோது அவர்கள் போட்டிருந்த ஹெல்மெட்டை அங்கேயே, அவர்கள் கண்ணெதிரே, ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடுவார்.

இதனால் சண்டை குறைந்ததா? கூடியது. முன்பாவது ஹெல்மெட் போடச் சொன்னதற்கு மட்டும் சண்டை. இப்போது போட்டவர்களோடும் சண்டை.

"ஹெல்மெட் போட்டிருந்தானே மேடம், அப்புறம் என்ன டாக்டர்?"

"போட்டிருந்ததாலதான் டாக்டர். இல்லேன்னா வேற இடத்துக்குன்னா போயிருக்கணும்?"

"நல்ல ஹெல்மெட்டை அறுக்கறீங்களே, கொஞ்சமாவது நியாயமா?"

"நீ ஒரு பாதியை வீட்டுக்கு எடுத்துண்டு போ. உள்ளே பாரு. பார்த்துட்டு வந்து நியாயம் பேசு."

சாய்கிருஷ்ணாவிடமும் ஒரு நாள் பிடித்துக்கொண்டார். புதிதாக வந்த பத்து வயதுப் பையனைப் பாதுஷா மேல் ஏற்றப் பார்த்திருக்கிறார் மனிதர். கேட்டால் பழைய பாட்டு, ஹெல்மெட் உந்தி கதா.

"ஹெல்மெட் இருக்கட்டும்! அதுக்குக் கடிவாளம் பிடிக்கத் தெரியுமா? குதிரை எப்ப பயப்படும்னு தெரியுமா? அது கடைசியில வேலை செய்யற சாமான், சாய். அதுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் உங்க வேலை. கிழவிக் குதிரை ஒண்ணு நிக்கறதே, அதுல ஏத்துங்கோ பிள்ளையை."

சாய்கிருஷ்ணா பையனை இறக்கினார். முணுமுணுத்துக்கொண்டேதான் இறக்கினார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஹம்ஸினிக்கு அந்த வருஷத் தேர்வு போயிற்று. பெங்களூர் போனது வேறு ஒருத்தி. ஒரு மாதம் இருட்டறையில் படுத்திருந்தவள் எழுந்ததும் அம்மாவோடு மோதினாள்.

"நீதானே பாஸ் போட்டே? உன் சீட்டு இருக்குன்னுதானே நான் ஏறினேன்?"

"ஆமா, நான்தான் போட்டேன். அதுக்குத்தான் இப்ப வேண்டாங்கறேன்."

"எப்போ வேணும்பே?"

"டாக்டர் சொல்லட்டும். நான் ஹெல்மெட் டிபார்ட்மென்ட். தலை என் டிபார்ட்மென்ட் இல்லைன்னு ஆஸ்பத்திரிக் கோர்ட்டுல தீர்ப்பே சொல்லியாச்சு."

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த லட்சுமணன் அதைக் கேட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். ஹம்ஸினி சிரித்துவிட்டாள். கோபத்தோடுதான்.

இப்போது ருக்மிணி மாமி அல்வால் வீட்டில்தான் இருக்கிறார். சனி, ஞாயிறுகளில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறார். பச்சைச் சீட்டு வீட்டு ஃபைலில் இருக்கிறது, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். ஹம்ஸினி டாக்டர் பூர்ணாவின் அனுமதியோடு, விழுந்த ஏழாம் மாதத்தில் குதிரை ஏறினாள். இன்னும் குதிரையை நடக்க மட்டும்தான் விடுகிறாள், ஓட விடுவதில்லை. ரொம்ப நேரம் படித்தால் பின்னந்தலை வலிக்கிறது என்கிறாள், உடனே புத்தகத்தை மூடச் சொல்லிவிடுகிறார்கள். லட்சுமணன் அதே மாடி அறையில் இருக்கிறான். வேலை நிரந்தரமாகிவிட்டது. பட்டையைப் பூட்டாமல் கேட்டைத் தாண்டுவதில்லை.